நகத்தளவு சென்சாரும் பழைய ஃபிலிம் பழக்கமும்

ஃபிலிம் கேமராவை விட்டுக் கையடக்க டிஜிட்டல் கேமராவுக்கு மாறியவர்களுள் பலர், ரோல் வாங்கும் செலவும் கழுவும் செலவும் மிச்சமானதையே பெரிய மாற்றமாகக் கருதினர். ஆனால் படத்தின் தன்மையை மாற்றியது ஒளி விழும் பரப்பு சுருங்கியதுதான். 35 மி.மீ. ஃபிலிமில் ஒரு படம் பதியும் கட்டம் 36 மி.மீ. நீளமும் 24 மி.மீ. உயரமும் கொண்டது. விலை குறைந்த கையடக்கக் கேமராக்களில் பரவலாக இடம்பெற்ற சென்சார், அதாவது ஒளியை மின்னூட்டமாக மாற்றும் சிலிக்கன் சில்லு, ஏறத்தாழ 6.2 மி.மீ. நீளமும் 4.6 மி.மீ. உயரமுமே உடையது, பரப்பில் இது ஃபிலிம் கட்டத்தின் முப்பதில் ஒரு பங்கு. விளம்பரங்களில் இதற்கு வழங்கும் ‘1/2.3 அங்குலம்’ என்னும் பெயர், பழைய தொலைக்காட்சிக் கேமராக்களில் இருந்த கண்ணாடிக் குழாயின் விட்டத்தையொட்டி வந்ததாகும். சில்லின் உண்மையான மூலைவிட்டம் 8 மி.மீட்டரைக்கூட எட்டாது.

ஃபிலிமுக்குப் போட்டியாக வந்த டிஜிட்டல் கேமரா ஃபிலிம் நிறுவனம் ஒன்றிலேயே உருவானது என்பது வரலாற்றின் குறும்பு. கோடாக் நிறுவனப் பொறியாளர் ஸ்டீவன் சாசன் 1975-இல் உருவாக்கிய கேமரா, 10,000 புள்ளிகள் கொண்ட கறுப்பு வெள்ளைப் படமொன்றைக் கேசட் நாடாவில் பதிய 23 விநாடிகள் எடுத்துக்கொண்டது. 1995-இல் வெளிவந்த கேசியோ க்யூவி-10, முதுகுப்புறத்தில் சிறு திரையைப் பொருத்தி, எடுத்த படத்தை அங்கேயே பார்க்கும் வழக்கத்தைப் பொதுமக்களிடம் கொண்டுவந்தது.

ஃபிலிமில் கைதேர்ந்தவர்களும் தடுமாறிய இடம் ஒளியளவு. கலர் நெகட்டிவ் ஃபிலிமில் ஒளி சற்று மிகுந்தால் அந்த இடம் மேலும் கறுக்குமே தவிர விவரம் எளிதில் அழிவதில்லை. பிரின்ட் போடும்போது லேபில் அதைச் சரிசெய்துகொள்ளலாம். சென்சாரின் ஒவ்வொரு புள்ளியும் குறிப்பிட்ட அளவு மின்னூட்டத்தையே தாங்கும் என்பதால், அது நிரம்பியபின் விழும் ஒளிக்குப் பதிவே இராது. உச்சிவெயிலில் நிற்பவரின் வெள்ளை வேட்டியில் மடிப்புகள் மறைந்து வெறும் வெண்மை மட்டும் எஞ்சுவது இதனால்தான். எந்த மென்பொருளாலும் அம்மடிப்புகளை மீட்க முடியாது. ஆகவே நெகட்டிவ் ஃபிலிமுக்கு நிழலைப் பார்த்து ஒளியளவை முடிவு செய்தவர், டிஜிட்டலில் வெளிச்சமான பகுதியைப் பார்த்து முடிவு செய்து, சற்றுக் குறைத்தே எடுக்க வேண்டியிருக்கிறது. ஸ்லைடு ஃபிலிமில் பழகியவர்களுக்கு மட்டும் இது புதிதன்று. அதுவும் மிகையொளியைப் பொறுப்பதில்லை.

சில்லு சிறுத்தால் லென்ஸின் குவியத் தூரமும் சிறுக்கிறது. ஃபிலிம் கேமராவில் 50 மி.மீ. லென்ஸ் தரும் காட்சிக் கோணத்தை இங்கே 9 மி.மீ. லென்ஸே தந்துவிடுவதால், அருகிலிருப்பதும் தொலைவிலிருப்பதும் ஒருசேரத் தெளிவாக விழுகின்றன. ஊர்ப்பயணப் படங்களுக்கு இது நன்மை; முகத்தைத் தெளிவாக்கிப் பின்னணியை மங்கலாக்க விரும்புபவர்க்கு இடையூறு. படத்தின் வடிவமும் வேறு: ஃபிலிம் கட்டத்தின் விகிதம் 3:2, பெரும்பாலான கையடக்கக் கேமராக்களின் விகிதம் 4:3. அப்படத்தை வழக்கமான 4x6 அங்குலப் பிரின்டாக நிரப்பிப் போட்டால் உயரத்தில் ஒன்பதில் ஒரு பங்கு வெட்டுப்படுவதால், குழுப்படத்தில் பின்வரிசைக்காரர்களின் தலைக்கு மேல் இடம் விட்டு எடுப்பது நல்லது.

பொத்தானை அழுத்தியதற்கும் படம் பதிவதற்கும் இடைப்பட்ட தாமதம் தொடக்ககாலக் கேமராக்களில் பெருங்குறையாக இருந்தது. லென்ஸ் முன்னும் பின்னும் நகர்ந்து தெளிவைத் தேடுவதே இதற்கு முதன்மைக் காரணம். பொத்தானைப் பாதி அழுத்தித் தெளிவை முன்கூட்டியே பூட்டிவைத்தால் தாமதம் பெரிதும் குறையும்.

ரோல் முழுவதற்கும் ஒரே ஐ.எஸ்.ஓ., அதாவது ஒளியுணர்திறன், என்ற கட்டுப்பாடு நீங்கி, படத்துக்குப் படம் அதை மாற்ற முடிவது டிஜிட்டலின் மறுக்கவியலாத வசதி. எனினும் சிறிய சில்லில் அதை உயர்த்தினால் நிழற்பகுதிகளில் வண்ணப் புள்ளிகள் மொய்த்து, படம் சொரசொரப்பாகிறது. புள்ளிகளின் எண்ணிக்கையான மெகாபிக்சலைக் கூட்டுவது இக்குறையைத் தீர்க்காது. பரப்பு பெரிதானால்தான் தீரும். 2012-இல் வந்த சோனி ஆர்எக்ஸ்100 சட்டைப்பைக்குள் அடங்கும் உடலில் ஏறத்தாழ நான்கு மடங்கு பெரிய சென்சாரைக் கொண்டிருந்தது. மங்கிய வெளிச்சத்தில் அடிக்கடி படமெடுப்பவர்கள், பெட்டியில் பெரிதாக அச்சிட்ட மெகாபிக்சல் எண்ணைவிடச் சென்சாரின் நீள உயரத்தையே முதலில் கேட்டு வாங்க வேண்டும்.