மொட்டைமாடி விமானிகள் – 9: இரைச்சலுக்கு அடியில் கேட்கும் குரல்

ட்ரோனின் மூளையாக எஃப்4 பலகையா, எஃப்7 பலகையா என்பதைப் போன வாரமே பேசி முடித்தாயிற்று. இந்த வாரம் ரிசீவர்.

மலிவான ரிசீவர் தேடுகிறவர்கள் முதலில் பார்க்க வேண்டியது கையில் இருக்கும் ரிமோட்டை. அது பேசுவதைப் புரிந்துகொள்ளும் ரிசீவர்தான் உதவும். ஃபிளைஸ்கை ஐ6 ரிமோட் இருந்தால் ஐஏ6பி போதும். கடைசியில் உள்ள 'பி'யைப் பார்த்து வாங்குங்கள். அந்த எழுத்து இல்லாத ஐஏ6 வந்தால் சேனலுக்கு ஒரு ஒயர் இழுக்க வேண்டும். இன்றைய பலகைகளில் அதற்கு இடமே இல்லை. 'பி' உள்ளதில் ஐபஸ் உண்டு, எல்லாச் சேனலும் ஒரே சிக்னல் ஒயரில் போய்விடும். எடை சுமார் 15 கிராம். ஐந்து அங்குல ட்ரோனுக்கு அது ஒரு பொருட்டில்லை. மொத்தமே முப்பது கிராம் உள்ள குட்டி ட்ரோனில் அதை ஏற்றினால் எழும்பவே திணறும்.

ரிமோட்டே இனிமேல்தான் வாங்கப்போகிறீர்கள் என்றால், எக்ஸ்பிரஸ்எல்ஆர்எஸ் உள்ளதாக வாங்குங்கள். அதன் மென்பொருள் திறந்த மூலம். எந்தக் கம்பெனியும் ரிசீவர் செய்யலாம். ரேடியோமாஸ்டர், பீட்டாஎஃப்பிவி, ஹேப்பிமாடல் என்று போட்டி இருப்பதால் விலை ஏறவில்லை. சிறிய ரிசீவர் என்றால் ஆன்டெனா நீங்கலாக எடை ஒரு கிராம்கூட வராது. ஒருவர் ரிமோட்டோடு இன்னொருவர் ரிசீவர் இணையும். ஆனால் இரண்டிலும் மென்பொருளின் முதல் எண் ஒன்றாக இருக்க வேண்டும். ஒன்றில் 2, மற்றதில் 3 என்றால் இணையாது.

இத்தனை சிறிய சில்லு எப்படி அவ்வளவு தூரம் கேட்கிறது என்று தேடப் போனதில் இந்த வாரம் முழுக்க அதிலேயே கழிந்தது. உள்ளே இருப்பது லோரா என்ற ரேடியோ நுட்பம். பிரான்ஸின் கிரனோபிள் நகரில் சைக்கிளியோ என்ற சிறிய கம்பெனியில் உருவானது. 2012-இல் அமெரிக்காவின் செம்டெக் அதை வாங்கிக்கொண்டது. தொடங்கியவர்களின் மனதில் இருந்தது ட்ரோன் அல்ல, வீட்டுத் தண்ணீர் மீட்டரும் கேஸ் மீட்டரும்! பேட்டரி பல வருடம் தாங்க வேண்டும், அளவு ஊரைத் தாண்டிப் போய்ச் சேர வேண்டும். அவ்வளவுதான் அவர்கள் தேவை.

அதற்கு அவர்கள் எடுத்துக்கொண்டது ரேடாரில் ஏற்கெனவே பழகிய வழி. அலையை ஒரே அதிர்வெண்ணில் நிறுத்தாமல், கீழிருந்து மேலே வழுக்கிக்கொண்டே போகவிடுகிறார்கள். திருவிழாக் கூட்டத்தில் நாதஸ்வரக்காரர் ஒரே ஸ்வரத்தைப் பிடித்து நின்றால் சத்தத்தில் கரைந்துவிடும். ஒரு ஸ்வரத்திலிருந்து இன்னொன்றுக்கு ஜாருவாக இழுத்தால் தெருக்கோடியில் நிற்பவர் காதும் அதைப் பிடித்துக்கொள்ளும். ரிசீவரும் அந்த வழுக்கலைத்தான் தேடுகிறது. வழுக்கல் எங்கே தொடங்குகிறது என்பதில்தான் செய்தி இருக்கிறது: 128 தொடக்க இடங்கள் வைத்தால் ஒவ்வொரு வழுக்கலும் 7 பிட் சுமக்கும். சிக்னல் இரைச்சலைவிட வலுக்குறைந்து போன பிறகும் அதைப் பிரித்தெடுக்க முடிகிறது. சாதாரண எஃப்எம் ரேடியோவால் இது ஆகாத காரியம். தண்ணீர் மீட்டருக்காக யோசித்தது இன்று கைக்கடக்கமான ட்ரோனைக் கண்ணுக்கு எட்டாத தூரத்திலும் கட்டிப்போடுகிறது என்பதை நினைக்க நினைக்க எனக்கு வியப்பு அடங்கவில்லை.

மெதுவாக வழுக்கினால் தூரம் கூடும், வேகம் குறையும். 2.4 கிகாஹெர்ட்ஸில் விநாடிக்கு 500 முறை பேசும்போது மைனஸ் 105 டிபிஎம் வரை கேட்கும் ரிசீவர், 50 முறைக்கு இறங்கினால் மைனஸ் 115 வரை கேட்கிறது. அந்த 10 டெசிபெல் என்பது பத்தில் ஒரு பங்கு வலுவுள்ள சிக்னலையும் பிடிப்பது. தெருமுனை மைதானத்தில் பறக்க 250 தாராளம்.

915 மெகாஹெர்ட்ஸ் ரிசீவர் மலிவாகக் கிடைக்கிறதே என்று ஆசைப்படாதீர்கள். அந்த அலைவரிசையை உரிமம் இல்லாமல் பயன்படுத்த இந்தியாவில் அனுமதி இல்லை. 2.4 போதும்.

ஒயரை எந்தப் பேடில் பற்றவைப்பது, சிக்னல் அறுந்தால் மோட்டார் நிற்கும்படி ஃபெயில்சேஃப் வைப்பது இரண்டையும் இன்றே சொல்வதாக இருந்தேன். லோரா இடத்தைப் பிடித்துக்கொண்டது. அடுத்த வாரம் ஃபெயில்சேஃபிலிருந்தே தொடங்குகிறேன். அதுவரை ப்ரொபெல்லரை மாட்டாதீர்கள். ஆன்டெனா இல்லாமல் ரிமோட்டுக்கு மின்சாரமும் கொடுக்காதீர்கள்.

(தொடரும்)