ஃபெல்ட் தொப்பி வியாபாரம்: சரக்கு பாதி, கைவேலை பாதி

லண்டன் மாநகரில் செயின்ட் ஜேம்ஸ் தெரு 6-ஆம் எண்ணில் ஒரு தொப்பிக் கடை இருக்கிறது. பெயர் லாக் அண்டு கோ. 1676-இல் தொடங்கிய ஸ்தாபனம். 1765 முதல் இதே இடத்தில் நடந்து வருகிறது. கடற்படைத் தளபதி நெல்சனும், பிரதமராக இருந்த சர்ச்சிலும் இங்கே தொப்பி வாங்கியவர்கள். 1950-களுக்குப் பிறகு மேனாடுகளில் ஆண்கள் தொப்பி அணிவது வெகுவாகக் குறைந்து, பெரிய தொழிற்சாலைகளே மூடப்பட்டன. அமெரிக்காவில் ஸ்டெட்சன் கம்பெனி 1865-இல் தொடங்கிய பிலடெல்ஃபியா ஊரில் அதன் ஆலை 1971-இல் நின்றது. இங்கிலாந்தில் ஸ்டாக்போர்ட் நகரின் தொப்பி ஆலைகள் 1990-களோடு ஓய்ந்தன. இப்போது அங்கே தொப்பி அருங்காட்சியகம்தான் உண்டு. இத்தனைக்கும் நடுவே பழைய முறைக் கடைகள் சில இன்றும் கல்லாப்பெட்டியைத் திறந்து வைத்திருக்கின்றன. தொப்பியை வாங்குபவர் தலைக்கும் முகத்துக்கும் ஏற்ப அங்கேயே திருத்திக் கொடுப்பதுதான் அவற்றின் பிழைப்பு.

அரிசி, பருப்பு, எண்ணெய் விற்கும் நமக்குத் தொப்பி சம்பந்தமில்லாத சரக்குதான். ஆனாலும் குறைந்த இருப்பை வைத்துக்கொண்டு பலவித வாடிக்கையாளரைத் திருப்தி செய்வது எப்படி என்ற கேள்வி எல்லாக் கடைக்கும் பொதுவானது. தொப்பிக்காரர்கள் அதற்குக் கண்ட வழி சுவையானது. வெளிநாடு போய் வரும் நம் வீட்டுப் பிள்ளைகள் இப்படிப்பட்ட கடைக்குள் நுழைந்தால் எதைக் கேட்டு வாங்கவேண்டும் என்பதற்கும் இக்கட்டுரை உதவும்.

முடி எப்படி ஃபெல்ட் ஆகிறது?

ஃபெல்ட் நெய்த துணி அல்ல. அதில் ஊடும் பாவும் கிடையாது. விலங்கு முடியின் மேல் கண்ணுக்குத் தெரியாத செதில்கள் உண்டு. வெந்நீரும் அழுத்தமும் தேய்ப்பும் சேரும்போது முடிகள் ஒன்றையொன்று பற்றிக்கொண்டு இறுகிவிடும். சடை விழுந்த தலைமுடியைச் சீப்பால் பிரிக்க முடியாமல் தவிக்கிறோமே, அதையே வேண்டுமென்று செய்தால் ஃபெல்ட்.

நல்ல தொப்பிக்கு முயலின் அடிமயிர் வேண்டும். காட்டு முயல் மயிர் இன்னும் உசத்தி; பீவர் என்ற வட அமெரிக்க நீர்வாழ் பிராணியின் மயிர் எல்லாவற்றிலும் மேல். (1670-இல் ஏற்பட்ட ஹட்சன் பே கம்பெனி இந்தப் பீவர் தோல் வியாபாரத்திலேயே கொழித்தது.) துளைகளிட்ட பெரிய கூம்பின்மேல் மயிரை ஊதி, கூம்பின் உள்ளிருந்து காற்றை உறிஞ்சிப் படிய வைத்து, வெந்நீர் தெளித்து எடுக்கிறார்கள். அப்போது அது தலையைவிடப் பலமடங்கு பெரிய, பிய்ந்துவிடும் போன்ற ஒரு கூடு. திரும்பத் திரும்ப வெந்நீரில் நனைத்து உருட்ட உருட்டப் பாதிக்கும் கீழாகச் சுருங்கி, அதே அளவுக்குக் கெட்டிப்படும். பிறகு சாயம், பிறகு மர அச்சில் இழுத்து வடிவம், கடைசியில் உப்புத்தாள் தேய்ப்பு. விறைப்பு வேண்டுமானால் அரக்கு ஊட்டுவார்கள். அரக்கு விளைவதில் நம் நாடே முதன்மை என்பதால், லண்டன் கனவான்களின் விறைத்த தொப்பிக்குள் நம் காட்டுச் சரக்கும் ஒளிந்திருந்தது எனலாம்.

செம்மறியாட்டுக் கம்பளியிலும் ஃபெல்ட் செய்கிறார்கள். விலை மலிவு. பார்வைக்கு முதல் நாள் இரண்டும் ஒன்றுபோலவே இருக்கும். இரண்டு மழை கண்டபின் கம்பளித் தொப்பி தொளதொளத்து அல்லது சுருங்கி நிற்கும். முயல் மயிர்த் தொப்பியோ உதறி உலர்த்தினால் பழைய வடிவத்துக்கு வரும். திருத்த வேலைக்கும் மயிர் ஃபெல்ட்டே இணங்கும். ஆகையால் வாங்குபவர் கேட்கவேண்டிய முதல் கேள்வி, “இது மயிரா, கம்பளியா?” என்பதே.

அமெரிக்கத் தொப்பிகளின் உள்ளே எக்ஸ் எழுத்தை வரிசையாக அச்சிட்டுத் தரம் குறிப்பார்கள். எக்ஸ் கூடினால் தரம் கூடும் என்பது ஒரே கம்பெனிக்குள் சரி. ஒரு கம்பெனியின் எக்ஸுக்கும் இன்னொன்றின் எக்ஸுக்கும் பொது அளவுகோல் கிடையாது. நமக்கு 1937-ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் அக்மார்க் முத்திரை இருக்கிறது. நெய்யோ தேனோ, யார் டப்பாவில் அடைத்தாலும் முத்திரைக்கு ஒரே பொருள். தொப்பிக்கு அந்தக் காவல் இல்லாததால் கடைக்காரரின் வாய்ச்சொல்லே முத்திரை.

தலையின் அளவும் தலையின் வடிவமும்

நெற்றியின் நடுவில், காதுக்குச் சற்று மேலாக நாடாவைச் சுற்றினால் சென்டிமீட்டர் அளவு கிடைக்கும். ஐரோப்பாவில் அதுவே தொப்பியின் எண். ஆங்கிலேயரும் அமெரிக்கரும் சுற்றளவைச் சொல்லாமல் விட்டத்தை அங்குலத்தில் சொல்கிறார்கள். 57 செ.மீ. சுற்றளவுக்கு விட்டம் ஏறக்குறைய ஏழேகால் அங்குலத்துக்கு அரைக்கால் குறைவு. அமெரிக்காவில் அதுவே எண். இங்கிலாந்தில் இன்னும் அரைக்கால் குறைத்து 7 என்பார்கள். எண்ணில் அரைக்கால் கூடினால் சுற்றளவில் ஒரு செ.மீ. கூடும். தபாலில் வரவழைப்பவர்கள் எந்த நாட்டு எண் என்று கேட்காமல் பணம் கட்டி ஏமாறுவது வழக்கமாயிருப்பதால் இதை விரித்துச் சொல்கிறோம்.

சுற்றளவு சரியாக இருந்தும் தொப்பி நெற்றியில் அழுத்தி, பக்கங்களில் இடைவெளி விடுவதுண்டு. எந்தத் தலையும் வட்டமில்லை. சிலருக்கு நீள்வட்டம், சிலருக்கு அகலம், பலருக்கு ஒரு பக்கம் புடைப்பு. இதற்காகப் பிரெஞ்சுக்காரர்கள் 19-ஆம் நூற்றாண்டிலேயே ஒரு கருவி செய்தார்கள். பெயர் கன்ஃபார்மேட்டர். பார்வைக்கு உயரமான தொப்பிபோல இருக்கும். சுற்றிலும் உள்ள கட்டைகள் தலையை ஒட்டி நகர, மேலே வைத்த சிறு காகிதத்தில் ஊசிகள் குத்தித் தலையின் வடிவத்தைச் சிறிதாக்கிக் காட்டும். விறைத்த தொப்பிகளை இந்தக் காகிதத்தை வைத்துத்தான் சூடுகாட்டித் தலைக்குப் பொருத்துகிறார்கள். லாக் கடையில் பிரபலங்களின் தலைக் காகிதங்களைப் பாதுகாத்து வைத்திருக்கிறார்கள். நம் கடைகளில் பற்று வரவுப் பேரேடு எப்படியோ, அங்கே அது அப்படி. ஒருமுறை அளவு கொடுத்தவர் அடுத்த தொப்பிக்கு வேறு கடை தேடமாட்டார்.

இருப்புக் கணக்கு

54 முதல் 62 வரை ஒன்பது அளவு. ஐந்து நிறம். மூன்று விளிம்பு அகலம். நான்கு மடிப்பு வகை. எல்லாவற்றிலும் ஒவ்வொன்று வைத்தால் 540 தொப்பி அலமாரியில் தூங்கவேண்டும். மயிர் ஃபெல்ட் விலை உயர்ந்த சரக்கு; அந்துப்பூச்சி வேறு காத்திருக்கிறது. முதல் முடங்கி வட்டி தின்றுவிடும்.

கைவேலை தெரிந்த கடைக்காரர், மடிப்புப் போடாத உச்சியும் அகல விளிம்பும் உள்ள தொப்பியாக ஒன்பது அளவில் ஐந்து நிறம் மட்டும் வைக்கிறார். 45-இல் கணக்கு முடிகிறது. மடிப்பும் அகலமும் ரிப்பனும் வாடிக்கையாளர் முன்னால் தீர்மானமாகும். காப்பிக்கொட்டையை வறுத்து வைத்துக்கொண்டு, சிக்கரி எவ்வளவு, பொடி நைசா கொரகொரப்பா என்று கேட்டபின் அரைத்துக் கொடுக்கும் நம் காப்பிப் பொடிக் கடைக்காரர் செய்வதும் இதுதான். பொட்டலச் சரக்குக்கு மாறிய பிறகு நம்மில் பலர் இந்த லாபத்தைக் கம்பெனிக்காரர்களுக்கு விட்டுக்கொடுத்துவிட்டோம் என்பது நமது அபிப்பிராயம்.

எதைத் திருத்தலாம், எதைக் கூடாது?

மிக எளிதானது மடிப்பு. கெட்டிலிலிருந்து வரும் நீராவியில் உச்சியைக் காட்டினால் ஃபெல்ட் மெழுகுபோல் இளகும். விரலால் நடுப்பள்ளமும் முன்பக்கக் கிள்ளலும் போட்டு ஆறவிட்டால் அப்படியே நிற்கும். பிடிக்காவிட்டால் மறுபடி ஆவி காட்டி எடுத்துவிடலாம். நம் நாட்டில் வெள்ளைக்காரர்கள் அணிந்த சோலா தொப்பிக்கு இந்தப் பாக்கியம் இல்லை. அது தஞ்சாவூரில் கோயில் பொம்மை செய்யும் அதே நெட்டி. வெட்டலாம், வளைத்துத் திருத்த முடியாது.

தளர்வான தொப்பியை இறுக்க, உள்ளிருக்கும் தோல் பட்டைக்குப் பின்னால் மெல்லிய பஞ்சுப் பட்டையோ காகிதப் பட்டையோ செருகினால் போதும். இறுக்கமானதை விரிக்க ஆவி காட்டி மரத் திருகுக் கட்டையில் இரவு முழுக்க வைப்பார்கள். ஏறக்குறைய ஒரு எண் வரை விரியும். அதற்கு மேல் திருகினால் தோல் பட்டையின் தையல் விடும். சந்தேகமாக இருந்தால் ஒரு எண் பெரிதாக வாங்கி இறுக்கிக்கொள்வதே மேல்.

விளிம்பு வெட்டுதல் அப்படியல்ல. வெட்டிய ஃபெல்ட் திரும்ப வராது. நிதானமான கடைக்காரர் ஆளுயரக் கண்ணாடிமுன் வாடிக்கையாளரை நிற்க வைப்பார். விளிம்பு முகத்துக்கு மட்டுமின்றித் தோள் அகலத்துக்கும் பொருந்தவேண்டும். கைக்கண்ணாடியில் அது தெரியாது. பிறகு சாக்குக்கட்டியால் கோடு போட்டுக் காட்டி, கேட்டதைவிடக் கொஞ்சம் குறைவாகவே வெட்டுவார். உச்சியிலிருந்து ஒரே தூரத்தில் ஓடும் தனிக் கத்தி உண்டு. கத்தரிக்கோலால் வெட்டினால் ஓரம் பல்லாகிவிடும். வெட்டிய ஓரத்தை அப்படியே விடலாம், ரிப்பன் வைத்துத் தைக்கலாம். விளிம்பு ரிப்பனை முதலில் இஸ்திரிப் பெட்டியால் வளைவாக இழுத்துக்கொள்ளாவிட்டால் சுருக்கம் விழும். தொப்பிக்காரரின் கை அங்கேதான் தெரியும்.

வாடிக்கையாளர் கேட்டாலும் மறுக்கவேண்டிய வேலைகள் உண்டு. கம்பளித் தொப்பியை இரண்டு எண் விரிப்பது, மெல்லிய ஃபெல்ட்டில் கூரிய கிள்ளல் போடுவது ஆகியவை ஒரு வருஷத்தில் கிழிசலாகத் திரும்பி வரும். கூலி நாலு காசு. கெட்ட பெயர் நாற்பது காசு.

பெயர் யாருக்கு?

1849-இல் நார்ஃபோக் பகுதியின் ஹோல்கம் பண்ணைக்காக எட்வர்டு கோக் என்பவர் லாக் கடைக்கு வந்தார். வேட்டைக் காவலர்களின் உயரத் தொப்பி மரக்கிளையில் மாட்டி விழுகிறது. தாழ்வாகவும் கெட்டியாகவும் ஒன்று வேண்டும் என்றார். கடைக்காரர்கள் சவுத்வார்க்கில் இருந்த பௌலர் என்ற தயாரிப்பாளர்களிடம் ஆர்டர் கொடுத்தார்கள். தயாரானதும் கோக் அதைத் தரையில் வைத்துக் காலால் மிதித்துப் பார்த்து, நசுங்காததைக் கண்டு 12 ஷில்லிங் கொடுத்து வாங்கிப்போனார் என்று சொல்லப்படுகிறது. உலகம் அதைத் தயாரித்தவர் பெயரால் ‘பௌலர்’ என்கிறது. லாக் கடையிலோ இன்றும் அது வாடிக்கையாளர் பெயரால் ‘கோக்’ தொப்பிதான்.

பழைய தொப்பி வாங்குவோர் கவனத்துக்கு

பழைய சரக்குக் கடைகளில் ஐம்பது அறுபது வருஷத்துத் தொப்பிகள் மலிவாகக் கிடைக்கின்றன. ஃபெல்ட் பெரும்பாலும் நன்றாகவே இருக்கும். தோல் பட்டை காய்ந்து பிளந்திருந்தால் புதிது தைத்துக்கொள்ளலாம். தொப்பிக்குள் விளக்கைப் பிடித்துப் பாருங்கள். அந்து அரித்த இடம் ஊசிமுனைபோல ஒளிவிடும். உச்சியின் கிள்ளலில் வெடிப்பு இருந்தால் வேண்டாம். எப்போதும் உச்சியைக் கிள்ளித் தூக்கியதன் பலன் அது.

மிகப் பழையதில் மட்டும் ஓர் ஆபத்து உண்டு. அந்நாளில் மயிர் நன்றாகப் பிணைவதற்குப் பாதரச உப்புக் கரைசலைத் தடவினார்கள். ஆலைத் தொழிலாளர்களுக்குக் கைநடுக்கமும் சித்தக் கலக்கமும் வந்தன. அமெரிக்காவின் டான்பரி நகரில் அந்த நடுக்கத்துக்கு ஊர்ப் பெயரே வைத்துவிட்டார்கள். 1941-இல்தான் அங்கே அந்த முறை நிறுத்தப்பட்டது. பழைய தொப்பிகளில் பாதரசம் இன்னும் தங்கியிருப்பதை அருங்காட்சியகங்களில் சோதித்துக் கண்டிருக்கிறார்கள். ஆகவே அக்காலத்துத் தொப்பி கையில் கிடைத்தால் அலமாரியில் கண்ணாடிக்குள் வைத்துப் பார்க்கலாம். அடுப்படியில் கெட்டில் ஆவி காட்டி மடிப்புத் திருத்த முயலவேண்டாம்.