கோதுமைக்காரரின் ரோஜாக்கள்

விட்ட குறை தொட்ட குறை – 11

பூவோடு விற்கும் ரோஜாச் செடியை ஒரு தடவையாவது வாங்காத வீடு நம் ஊரில் குறைவு. தள்ளுவண்டியிலோ நர்சரி வாசலிலோ கறுப்பு கவருக்குள் கொத்தாகப் பூத்து நின்று ஆளை இழுக்கும். வீட்டுக்கு வந்த பிறகு பத்துப் பதினைந்து நாள் அந்தப் பூ இருக்கும். அப்புறம் சில மாதம் வெறும் இலை. அதற்கப்புறம் குச்சி. "ரோஜா நமக்கு ராசியில்லப்பா" என்று தொட்டியைக் கவிழ்த்துவிட்டுக் கற்றாழை வைத்துவிடுவோம்.

ரோஜாப் பித்து எப்படிப் பிடித்தது என்று கேட்டால் பெரும்பாலோர் முதல் பூவைச் சொல்வார்கள். பாட்டி வீட்டுக் கிணற்றடி, பன்னீர் ரோஜா வாசனை, சடையில் செருகிய ஒற்றைப் பூ என்று கதை நீளும். எனக்கு அந்தக் கதைகளில் அவ்வளவு நம்பிக்கையில்லை. முதல் பூ யாரைத்தான் மயக்காது? முதல் செடி செத்த பிறகு இரண்டாவது செடி வாங்குகிறவர்தான் நம் ஆள். அது ஏன் செத்தது என்று குச்சியைப் பிடுங்கி, வேர் வரைக்கும் பார்க்கிறவர்.

அப்படிப் பார்த்தால் தண்டின் அடியில் ஒரு முடிச்சு தெரியும். அதற்குக் கீழே ஒரு செடி, மேலே வேறொரு செடி. முரட்டு வேர் விடும் ரோஜா ஒன்றின் தண்டில் பட்டையைக் கீறி, நமக்குப் பிடித்த ரகத்தின் ஒரே ஒரு மொட்டைச் செருகிக் கட்டியிருப்பார்கள். மேலே இருப்பது நோஞ்சான். கீழே இருப்பதோ எப்போது இடம் கிடைக்கும் என்று காத்திருக்கிற ஆள். மாடித் தோட்டம் வைத்திருக்கும் பெண்மணி ஒருவரும் பக்கத்து வீட்டுப் பெண்ணும் பேசிக்கொண்டதைக் கேட்டேன்.

"அக்கா, செடி பிழைச்சுக்கிச்சு! அடியிலேர்ந்து ஒரு கிளை ஜோரா கிளம்பிருக்கு பாருங்க."

"எங்கேர்ந்து வருதுன்னு மண்ணை விலக்கிப் பாரும்மா. முடிச்சுக்குக் கீழேன்னா இப்பவே கிள்ளிடு. அது உன் ரோஜா இல்ல, அது வேறவன்."

இலை சிறுத்து, ஏழேழு சிற்றிலையாக வந்தால் அது வேர்ச்செடி என்று ஒரு கணக்கு சொல்வார்கள். எப்போதும் பலிக்காது. கிளை கிளம்பும் இடத்தைப் பார்ப்பதே நிச்சயம். இதைத் தெரிந்துகொண்டவர் கை ராசியான கை ஆகிவிடுகிறது. டீத்தூள், முட்டை ஓடு, வெங்காயத் தோல் என்று நம் வீடுகளில் நடக்கும் வைத்தியமெல்லாம் இதற்குப் பிறகுதான். சர்க்கரை போட்ட டீத்தூளைக் கொட்டித் தொட்டியில் எறும்பு வளர்த்தவர்களை எனக்குத் தெரியும். செடி கேட்பது அரை நாள் வெயில், தண்ணீர் தேங்காத மண், தயங்காமல் வெட்டுகிற கவாத்துக் கத்தரி. அவ்வளவுதான்.

இந்த வாரத்து மனிதர் இரண்டாவது செடியில் நிற்கவில்லை. ரோஜாவிலிருந்து புது ரோஜா எடுக்கும் வரைக்கும் போனவர். அவர் சம்பளம் வாங்கியதோ கோதுமைக்கு.

பெஞ்சமின் பியாரி பால். 1906இல் பஞ்சாபில் பிறந்தவர். அப்பா டாக்டர், பர்மாவில் வேலை. அதனால் பையன் வளர்ந்தது மேமியோவில். மண்டலேக்குக் கிழக்கே, ஷான் மலைகளின் மேற்கு ஓரத்தில், வெள்ளைக்காரர்கள் வெயிலுக்குத் தப்பி ஏறிய ஊர். நம் ஊட்டி மாதிரி. பள்ளிக்கூட நாளிலேயே இரண்டு விஷயங்கள் அவரைப் பிடித்துக்கொண்டன: ரோஜா, ஓவியம். இரண்டுமே கடைசிவரை அவரை விடவில்லை. ரங்கூனில் தாவரவியல் முடித்து, கேம்பிரிட்ஜில் கோதுமையில் டாக்டர் பட்டம் வாங்கி, 1933இல் பீகாரின் பூசாவில் இருந்த வேளாண் ஆராய்ச்சி நிலையத்தில் சேர்ந்தார். மறுவருஷமே பீகார் பூகம்பம். நிலையம் தரைமட்டமானது. 1936இல் டெல்லிக்குக் குடிபெயர்ந்தது. பூசா என்ற பெயரும் கூடவே டெல்லிக்குப் போனது.

அங்கே அவர் வேலை துரு நோயோடு மல்லுக்கட்டுவது. கோதுமை இலையிலும் தண்டிலும் காவிப்பொடி தூவியதுபோல் படர்ந்து கதிரைச் சாவியாக்கும் பூஞ்சை அது. சமவெளியின் கோடையில் மடிந்துபோகும் இந்தப் பூஞ்சை, மலைகளில் வருஷம் முழுக்க உயிரோடு இருக்கும். அதனால்தான் கோதுமையே அதிகம் விளையாத தமிழ்நாட்டில், நீலகிரியின் வெலிங்டனில், அந்த நிலையம் ஒரு கோதுமைக் கிளை வைத்திருக்கிறது. மூன்று வகைத் துருவையும் தாங்கும் என்.பி. 809 என்ற ரகம் 1954இல் பாலின் குழுவிலிருந்து வெளிவந்தது. 1965இல் இந்திய வேளாண் ஆராய்ச்சிக் கழகத்தின் முதல் தலைமை இயக்குநர். 1972இல் லண்டன் ராயல் சொசைட்டி உறுப்பினர். பதவிகளை இதோடு நிறுத்திக்கொள்கிறேன். பட்டியல் பெரிது, நமக்கு வேண்டியது அவர் வீட்டுத் தோட்டம்.

கோதுமையில் பழகிய கைக்கு ரோஜா புதிதல்ல. கோதுமையின் ஒவ்வொரு குட்டிப் பூவிலும் மூன்றே மகரந்தக் கேசரங்கள். மகரந்தம் உதிரும் முன் இடுக்கியால் அவற்றைக் கிள்ளி எடுத்துவிட்டு, உறை போட்டு, வேற்று ரகத்தின் மகரந்தத்தைத் தூவ வேண்டும். ரோஜாவிலும் அதேதான். பாதி விரிந்த மொட்டின் இதழ்களை ஒவ்வொன்றாகப் பிய்க்க வேண்டும் (பூ வளர்க்கிறவருக்கு இதுவே பெரிய சோதனை). நடுவில் வட்டம் கட்டி நிற்கும் கேசரங்களை டஜன் டஜனாகக் கத்தரிக்க வேண்டும். மிஞ்சுவது சூலகத் தலைகளின் சின்னப் பொத்தான். ஒருநாள் போனதும் அது லேசாகப் பிசுபிசுக்கும். அப்போது மென்மையான தூரிகையால் மகரந்தம் வைத்து, காகிதப் பை மாட்டி, அப்பா பெயரும் அம்மா பெயரும் எழுதிய சீட்டைக் கட்டிவிட வேண்டும். ஓவியருக்குத் தூரிகை பிடிக்கச் சொல்லித்தர வேண்டியதில்லை.

அடியிலிருக்கும் காய் பருத்து ஆரஞ்சு நிறமாவதற்கு நாலு மாதம் போல ஆகும். உள்ளே விதைகள். அவற்றைக் குளிரில் வைத்து எழுப்பி விதைத்தால், தோட்ட ரோஜாவின் பிள்ளையாக இருக்கிறபட்சத்தில், முளைத்த சில வாரங்களிலேயே விரல் உயரச் செடியில் முதல் பூ வந்துவிடும்.

கோதுமைக்காரர் ரோஜாவில் ஏன் இத்தனை வருஷம் தங்கினார் என்பதற்கு என் ஊகத்தைச் சொல்கிறேன். கோதுமையில் கலப்பு செய்தபின் ஆறேழு தலைமுறை விதைத்து விதைத்துப் பொறுக்க வேண்டும். எல்லாச் செடியும் ஒரே அச்சாக வந்தால்தான் விவசாயியிடம் தர முடியும். ஒழுங்குக்குக் கொண்டுவருவதுதான் வேலையே. ரோஜா அதற்கு நேர் எதிர். பல ரத்தம் கலந்து கலந்து வந்த சாதி. ஒரே காயின் பத்து விதையும் பத்துத் தினுசாக வரும். ஒன்று அம்மாவின் சிவப்பு, ஒன்று யாருடையது என்றே தெரியாத வெள்ளை, மற்றது பூஞ்சை பிடித்து முதல் மாதமே சாகும். ஆனால் அந்தப் பத்தில் ஒன்று தேறினால் போதும். அதன் மொட்டை வெட்டி ஒட்டு வைத்து ஆயிரம் செடியாக்கலாம். ஒரு விதை, ஒரு ரகம். ஆபீசில் சந்தேகமே இல்லாத பதிலைத் தேடுகிறவருக்கு, வீட்டில் ஒவ்வொரு விதையும் வேறு பதில் சொல்வது பிடித்துப்போயிருக்க வேண்டும்.

இன்னொரு காரணமும் இருந்தது. அன்றைய இந்தியத் தோட்டங்களில் இருந்த ரோஜாக்களில் பெரும்பாலானவை இங்கிலாந்து, பிரான்ஸ், அமெரிக்கத் தோட்டக்காரர்கள் அவர்கள் ஊர் குளிருக்காக எடுத்தவை. டெல்லியில் அக்டோபரில் கவாத்து செய்தால் குளிர்காலத்தில் ராஜா மாதிரி பூக்கும். மார்ச் கடைசியில் வெயில் ஏறியதும் இதழ் ஓரம் கருகும், நிறம் வெளுக்கும், மே மாத அனல் காற்றில் கிளை நுனியிலிருந்து காய்ந்து இறங்கும். இந்த வெயிலில் நிற்கிற ரோஜாவை இந்த வெயிலிலேயே பொறுக்கி எடுப்பது என்று பால் இறங்கினார். 1962இல் 'ரோஸ் ஷர்பத்' வந்தது. அதன் பின் 'டெல்லி பிரின்சஸ்', 'பஞ்சாரன்' என்று வரிசையாக வந்தன. விமான விபத்தில் இறந்த அணு விஞ்ஞானியின் பெயரில் 'டாக்டர் ஹோமி பாபா' என்ற வெள்ளை ரோஜா 1968இல். இந்தியாவில் ரோஜா வளர்ப்பதைப் பற்றி 1966இல் அவர் எழுதிய பெரிய புத்தகம் இன்னும் பேசப்படுகிறது. கல்யாணம் செய்துகொள்ளவில்லை. 1989இல் இறந்தார்; சொத்தைத் தான் உழைத்த நிலையத்துக்கே எழுதி வைத்திருந்தார்.

இங்கே பர்மாவுக்குத் திரும்பிப் போக வேண்டியிருக்கிறது. பால் பிறப்பதற்குப் பதினெட்டு வருஷம் முன்பு, 1888இல், ஹென்றி காலெட் என்ற ராணுவ அதிகாரி இதே ஷான் மலைகளில் ஒரு காட்டு ரோஜாவைக் கண்டார். மரத்தின் உச்சி வரை ஏறிப் படரும் கொடி. உள்ளங்கையை மறைக்கும் வெள்ளைப் பூ. ரோசா ஜைஜான்டியா என்று பெயர் வைத்தார்கள், ராட்சத ரோஜா. அதற்கும் ஆறு வருஷம் முன்பு, 1882இல், ஜார்ஜ் வாட் மணிப்பூர் மலைகளில் இதையே பார்த்திருந்தார். பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சீனத் தோட்டங்களிலிருந்து கப்பலேறி ஐரோப்பா போன 'டீ ரோஸ்' வகைகளின் முன்னோர்களில் ஒன்று இந்தக் கொடி. ஐரோப்பாவில் அவை உள்ளூர் ரோஜாக்களோடு கலந்து 'ஹைபிரிட் டீ' ஆயின. 1867இல் வந்த 'லா பிரான்ஸ்' அந்தக் குடும்பத்தின் முதல் பிள்ளை என்பார்கள். கூராக நிமிர்ந்து நிற்கும் மொட்டு, மெல்லச் சுருளவிழும் இதழ் என்று நாம் 'இங்கிலீஷ் ரோஜா' என்று வாங்குகிறோமே, அதில் கீழைத் தேசத்து ரத்தம் ஓடுகிறது. சீமைச் சரக்கு என்று நினைத்தது நம் பக்கத்து மலையிலிருந்து போய்த் திரும்பியது.

அந்த மூலக்கொடியையே நேராகப் பிடித்தால் என்ன என்று கேட்டவர்கள் நம் கொடைக்கானலில் இருக்கிறார்கள். எம்.எஸ். வீரராகவன் ஐ.ஏ.எஸ். அதிகாரியாக இருந்தவர். ஓய்வு வயதுக்கு வெகு முன்பே வேலையை விட்டுவிட்டு மனைவி கிரிஜாவோடு மலையேறிவிட்டார், ரோஜாவுக்காக. நாற்காலியை விட்டு இறங்க மனம் வராத நம் நாட்டில் இதைக் கொஞ்சம் நின்று பார்க்கத் தோன்றுகிறது. இருவரும் மணிப்பூரின் சிரோய் மலை வரை போய் ஜைஜான்டியாவைக் கொண்டுவந்தார்கள். இன்னொரு காட்டு ரோஜாவையும் எடுத்துக்கொண்டார்கள்: வங்காளத்திலும் பீகாரிலும் தண்ணீர் தேங்கும் பள்ளங்களில் நின்று வளரும் ரோசா கிளைனோபில்லா. ரோஜா என்றாலே குளிர், வடிகால் என்று பாடம் படித்தவர்களுக்கு இது அதிர்ச்சியான செடி. வெப்பமும் வெள்ளமும் அதற்குப் பிறந்த வீடு.

ஆனால் காட்டு ரோஜாவோடு கலப்பு செய்கிறவர் வருஷங்களைக் கையில் எடுத்துக்கொண்டு உட்கார வேண்டும். அது ஆண்டுக்கு ஒரு பருவம்தான் பூக்கும். தோட்ட ரோஜாவின் அடிக்கடி பூக்கும் குணம், காட்டு ரோஜாவின் குணத்துக்கு முன்னால் ஒளிந்துகொள்ளும். முதல் தலைமுறைப் பிள்ளைகள் பெரும்பாலும் ஒருமுறை பூப்பவையாகவே வரும். அதுவும் முதல் பூவைக் காட்டவே சில வருஷம் எடுத்துக்கொள்ளும். அவற்றை மறுபடி தோட்ட ரோஜாவோடு கலந்தால், அடுத்த தலைமுறையில் ஒன்றிரண்டில் அந்தக் குணம் தலைகாட்டலாம். அதிலும் பூ சிறுத்துப் போயிருக்கலாம், முள் கூடியிருக்கலாம். இங்கிலாந்தின் டேவிட் ஆஸ்டினுக்கும் இதே கதைதான். பழங்கால ரோஜா ஒன்றைப் புதிய ரகத்தோடு கலந்து அவர் 1961இல் வெளியிட்ட 'கான்ஸ்டன்ஸ் ஸ்பிரை' அழகில் குறையில்லை, ஆனால் வருஷத்துக்கு ஒரே பூப்பு. உலகம் அவரைத் திரும்பிப் பார்த்தது 1983இல், செல்சி கண்காட்சியில். இருபது வருஷத்துக்கும் மேல்.

இந்தக் கணக்கு தெரிந்தே தொடங்குகிறவர்கள் இவர்கள். அறுபது வயதில் ஒரு காட்டுக் கலப்பைத் தொடங்குகிறவர் அதன் பேரப்பிள்ளை பூப்பதைப் பார்க்க எழுபதைத் தாண்ட வேண்டும். அதற்குள் ஒரு பனி வருஷம், ஒரு வேர்ப்புழு, பெயர்ச்சீட்டைத் தின்ற ஒரு எலி எல்லாம் வந்துபோகும். பிடிவாதம் என்று சொல்லலாம். எனக்கு அதைவிட ஆர்வக்கோளாறு என்றுதான் படுகிறது. போன வருஷம் வைத்த விதை இந்த வருஷம் என்ன நிறத்தில் திறக்கும் என்ற நப்பாசை ஒருவரை எத்தனை வயதிலும் காலையில் வெளியே இழுத்துக்கொண்டு போகிறது.

கொடைக்கானல் தம்பதி தங்கள் ரோஜாக்களுக்கு வைத்த பெயர்களில் ஜார்ஜ் வாட் உண்டு, ஹென்றி காலெட் உண்டு. கடன் தீர்க்கிற முறை அது. முள் அரிதாக உள்ள ஒன்றுக்கு 'அகிம்சை'. மஞ்சள் சாயலில் ஒரு ரோஜாவுக்கு ஈ.கே. ஜானகி அம்மாள் பெயர். தலச்சேரியில் 1897இல் பிறந்து, சென்னையில் படித்து, கோயம்புத்தூர்க் கரும்பு ஆராய்ச்சி நிலையத்தில் கரும்பின் குரோமோசோம்களை எண்ணியவர். இரண்டாம் உலகப்போரின் குண்டுமழையில் லண்டனில் இருந்தவர். மேலதிகாரிகளோடு ஒத்துப்போகாமல் ஊர் ஊராகப் போனாலும், செடியை மட்டும் கைவிடாத ஜானகி அம்மாளைப் பற்றி அடுத்த வாரம்.

(தொடரும்)