பாதம் கழுவும் பணி

பண்டைய பாலஸ்தீன நாட்டில் மக்கள் தோல் மிதியடி அணிந்து, புழுதி நிறைந்த பாதைகளில் நெடுந்தொலைவு நடந்தார்கள். ஆகவே வீடு தேடி வந்த விருந்தினருக்கு முதலில் கால் கழுவ நீர் தருவது அந்நாட்டார் போற்றிய விருந்தோம்பல் முறையாயிற்று. தம் கூடாரத்திற்கு வந்த மூவருக்கு ஆபிரகாம் இவ்வாறு நீர் தருவித்ததை ஆதியாகமம் கூறுகிறது. ஆனால், நீர் தருவது வேறு. குனிந்து பிறர் காலைக் கழுவுவது வேறு. முன்னது இல்லத்தாரின் கடமை. பின்னது அடிமையின் வேலை. எபிரேய இனத்து அடிமையைக் கூட அவ்வேலைக்கு ஏவலாகாது என்று யூதரின் பழைய உரைநூலாகிய மெக்கில்தா விதிக்கிறது. அத்துணை இழிவாக அது எண்ணப்பட்டது.

இதனை மனத்திற் கொண்டால்தான் யோவான் நற்செய்தியின் 13ஆம் அதிகாரம் நமக்கு நன்கு விளங்கும். இறுதி இரவுணவின்போது இயேசு எழுந்து, மேலாடையைக் களைந்து, இடையில் துண்டைக் கட்டிக்கொண்டு, சீடர்களின் பாதங்களைக் கழுவித் துடைத்தார். கால் கழுவுதல் பந்தியில் அமருமுன் நடைபெற வேண்டியது. இங்கோ உணவின் இடையே நடைபெறுகிறது. ஆதலின் புழுதியைப் போக்குவது மட்டும் அதன் நோக்கமன்று என்பது தெளிவு. பேதுரு ஏன் பதறித் தடுத்தார்? ஆசான் அடிமையின் இடத்திற்கு இறங்கிவிட்டால், மாணவன் இனி யாரினும் தன்னை உயர்ந்தவன் என்று எண்ண இயலாதன்றோ!

பேதுருவுக்கு இயேசு அளித்த மறுமொழியில், கழுவப்படாதவனுக்குத் தம்மோடு பங்கில்லை என்ற கருத்து இருக்கிறது. பின்னர், சீடர்களும் ஒருவர்க்கொருவர் அவ்வாறே செய்ய வேண்டுமென அவர் பணிக்கிறார். முன்னது தூய்மையைச் சுட்டுகிறது. பின்னது தொண்டைச் சுட்டுகிறது. இவ்விரு பொருளும் தொடக்ககாலத் திருச்சபையில் இரு வழக்கங்களாகக் கிளைத்தன.

தொண்டு என்னும் பொருள் முதலில் இல்லங்களிலே வாழ்ந்தது. திருச்சபையின் பட்டியலிற் சேர்க்கப்படும் கைம்பெண்கள் 60 வயது நிரம்பியவராயும், இறைமக்களின் பாதங்களைக் கழுவியவராயும் இருத்தல் வேண்டும் என்று தீமோத்தேயுவுக்கு எழுதப்பட்ட முதல் திருமுகம் கூறுகிறது. கி.பி. 200ஆம் ஆண்டையொட்டிக் கார்த்தேஜ் நகரில் வாழ்ந்த தெர்த்துலியன், பிற சமயத்தானை மணந்த கிறிஸ்தவப் பெண்ணின் இன்னல்களை எடுத்துக்கூறுகிறார். இறையடியார்களின் பாதங்களுக்கு நீர் கொண்டு செல்ல அவள் கணவன் இசைவானா என்பதும் அவர் எழுப்பும் வினாக்களுள் ஒன்று. இப்பணி எவ்வளவு இயல்பாக நடந்ததென்பதை இதனால் அறியலாம்.

தூய்மை என்னும் பொருள் ஞானஸ்நானத்தோடு இணைந்தது. 4ஆம் நூற்றாண்டில் மிலான் நகரின் ஆயராயிருந்த அம்புரோஸ், ஞானஸ்நானம் பெற்றோரின் பாதங்களைக் கழுவும் வழக்கத்தைப் போற்றினார். ரோமாபுரியில் அவ்வழக்கம் இல்லை. இது விருந்தினர்க்குச் செய்யும் உபசாரமே என்று சிலர் மறுத்தனர். அம்புரோஸோ, இது பணிவு மட்டுமன்று, புனிதப்படுத்துதலுமாகும் என்று விடையளித்தார். அந்நூற்றாண்டின் தொடக்கத்திலேயே ஸ்பெயின் நாட்டு எல்விரா சங்கம், ஞானஸ்நானம் பெறுவோரின் பாதங்களைக் குருமார் கழுவலாகாதெனத் தடுத்திருந்தது. ஞானஸ்நானத்தின் பகுதியென மக்கள் மயங்கக்கூடும் என்று அஞ்சிச் சிலர் இவ்வழக்கத்தைக் கைவிட்டதையும், சிலர் வேறு நாளுக்கு மாற்றியதையும் அகஸ்தீன் தம் கடிதமொன்றில் குறிப்பிடுகிறார்.

இவ்வாதம் வெறும் சடங்கு பற்றியதா? அன்று. பாதம் கழுவுதல் புனிதச் சடங்கானால், கழுவுகிறவர் அருள் வழங்கும் குருவாய் நிற்கிறார். தொண்டானால், அவர் ஏவலாளாய்க் குனிகிறார். செயல் ஒன்றே, செய்பவரின் நிலையோ முற்றிலும் வேறு.

6ஆம் நூற்றாண்டில் பெனடிக்ட் தம் துறவியர்க்கு வகுத்த ஒழுங்கு தொண்டின் பொருளை அன்றாட வாழ்வில் நிலைநிறுத்தியது. வாரந்தோறும் சமையற் பணியை முடிப்பவரும் புதிதாக ஏற்பவரும் சேர்ந்து அனைவரின் பாதங்களையும் கழுவ வேண்டும். விருந்தினரின் பாதங்களை மடத்தலைவரும் துறவியரும் கழுவ வேண்டும். ஏழைகளையும் வழிப்போக்கரையும் வரவேற்பதில் தனிக் கருத்துச் செலுத்த வேண்டும் என்றும் அவர் விதித்தார்.

கி.பி. 694இல் கூடிய தொலேதோ சங்கம் பெரிய வியாழனன்று பாதம் கழுவுதலைக் கட்டாயமாக்கியது. கத்தோலிக்கத் திருச்சபை 1955இல் அதனை அந்நாளின் மாலைத் திருப்பலியினுள் நிகழ்த்த வழிவகுத்தது. 2016இல் பெண்களின் பாதங்களையும் கழுவலாமென விதி திருத்தப்பட்டது. ஆண்டிற்கொரு முறை நிகழ்வது நினைவூட்டல். அது நினைவூட்டும் செயலோ, கைம்பெண்கள் வீட்டு வாயிலிலும் துறவியர் மடத்திலும் செய்துவந்த தொண்டேயாகும். அத்தொண்டு ஆண்டு முழுவதும் தொடரும்போதுதான் அவ்வொரு நாளின் சடங்கு பொருள் நிறைந்ததாகிறது.