நோய்க்கேற்ற பயணம்: வெளியூரிலிருந்து சென்னைக்கு வந்து திரும்புவோருக்கு

"மாத்திரைகளை ஒழுங்காகச் சாப்பிடுகிறீர்களா?" என்று புறநோயாளிகள் பிரிவில் நாங்கள் கேட்கும்போது, தென்மாவட்டங்களிலிருந்து வருவோர் பலர் சற்றுத் தயங்கி ஒரே விடையைச் சொல்கிறார்கள்: "தினமும் சாப்பிடுகிறேன் டாக்டர். நேற்றும் இன்றும் மட்டும் சாப்பிடவில்லை, பஸ்ஸில் வரவேண்டியிருந்தது." அவர்கள் விட்டது பெரும்பாலும் நீர் மாத்திரையாக இருக்கும். வழியில் கழிப்பறை கிடைக்காதே என்ற அவர்களது அச்சம் நியாயமானதே. ஆயினும், இதயம் தளர்ந்த ஒருவர் அம்மாத்திரையை விட்டுவிட்டு, இரவு முழுவதும் கால்களைத் தொங்கவிட்டபடி அமர்ந்து வந்தால், காலையில் வீங்கிய கால்களோடும் மூச்சிரைப்போடும் இறங்க நேரிடலாம். பரிசோதனைக்காக வந்தவரை உள்நோயாளியாகச் சேர்க்கவேண்டிய நிலையும் வரலாம்.

மயிலாப்பூர், தியாகராய நகர், அடையாறு வட்டார மருத்துவமனைகளை நாடி வருவோருக்கும் அவர்தம் குடும்பத்தாருக்கும் நாங்கள் சொல்ல விரும்புவது இதுதான்: பயணத்துக்காக மருந்தை மாற்றிக்கொள்ளாதீர்கள்; நோய்க்கு ஏற்றவாறு பயணத்தை அமைத்துக்கொள்ளுங்கள்.

எங்கே இறங்குவது?

வெளியூர்ப் பேருந்துகள் ஒருகாலத்தில் பாரிமுனை வரை வந்தன. 2002இல் கோயம்பேடு நிலையம் திறக்கப்பட்டது. 2023 டிசம்பர் 30 அன்று கிளாம்பாக்கத்தில் கலைஞர் நூற்றாண்டுப் பேருந்து முனையம் திறக்கப்பட்டபின், தென்மாவட்டப் பேருந்துகள் அங்கேயே நின்றுவிடுகின்றன. அங்கிருந்து அடையாறு ஏறத்தாழ 30 கிலோமீட்டர். எனவே, பேருந்துப் பயணம் முடிந்தபின்னும் மாநகரப் பேருந்திலோ வாடகை வண்டியிலோ மேலும் ஒரு மணி நேரத்துக்குக் குறையாத பயணம் உண்டு என்று கணக்கிட்டுக்கொள்ளுங்கள். காலை 5 மணிக்கு முனையத்தில் இறங்குவதும் காலை 5 மணிக்கு மருத்துவமனையை அடைவதும் ஒன்றாகா.

ரயிலில் வருவோருக்கு இத்தொல்லை குறைவு. எழும்பூருக்கு வரும் தென்மாவட்ட விரைவு ரயில்கள் பல தாம்பரத்திலும் மாம்பலத்திலும் நிற்கின்றன. தியாகராய நகருக்கும் மயிலாப்பூருக்கும் செல்வோர் மாம்பலத்தில் இறங்கலாம். மாம்பலம் ரயில் நிலையத்தையும் தியாகராய நகர்ப் பேருந்து நிலையத்தையும் இணைக்கும் ஆகாய நடைபாலம் 2023இல் திறக்கப்பட்டது. அதில் மின்தூக்கி வசதியும் உண்டு. அடையாறு செல்வோர் தாம்பரத்தில் புறநகர் மின்ரயிலுக்கு மாறிக் கிண்டியில் இறங்கினால், சர்தார் பட்டேல் சாலை வழியாக ஆட்டோவில் சென்றுவிடலாம்.

கோவை, சேலம் பகுதிகளிலிருந்தும் ஆந்திரத்திலிருந்தும் சென்ட்ரலில் வந்து இறங்குவோருக்கு இரு வழிகள் உள்ளன. சாலையின் எதிர்ப்புறம் உள்ள பூங்கா நகர் நிலையத்தில் வேளச்சேரி செல்லும் பறக்கும் ரயிலில் ஏறினால் திருமயிலை, மந்தைவெளி, கஸ்தூரிபாய் நகர், திருவான்மியூர் ஆகிய நிலையங்களில் இறங்கலாம். கட்டணம் மிகக் குறைவு. ஆனால் இவை உயர்த்திக் கட்டப்பட்ட நிலையங்கள், படிகள் மிகுதி. மூட்டுவலி, இதய நோய், நுரையீரல் நோய் உள்ளவர்களுக்கு மெட்ரோ ரயிலே ஏற்றது. சென்ட்ரலிலிருந்து விமான நிலையம் செல்லும் மெட்ரோவில் தேனாம்பேட்டை, நந்தனம், சைதாப்பேட்டை, சின்னமலை ஆகிய நிலையங்கள் வருகின்றன. அடையாற்றுக்குச் சின்னமலை அருகில் உள்ளது. விமானத்தில் வருவோரும் இதே தடத்தில் எதிர்த்திசையில் வரலாம்.

மெட்ரோ இரண்டாம் கட்டப் பணிகள் மயிலாப்பூர், மந்தைவெளி, அடையாறு, பனகல் பூங்கா பகுதிகளில் நடைபெறுவதால் சாலைகள் ஆங்காங்கே திருப்பிவிடப்பட்டுள்ளன. குறித்த நேரத்துக்கு ஒரு மணி நேரம் முன்னதாக வந்து சேரும்படி திட்டமிடுங்கள்.

பேருந்தா, ரயிலா?

நீர் மாத்திரை எடுப்போர், சிறுநீர்க் குழாய் பொருத்தப்பட்டோர், வயிற்றுப்போக்கு உண்டாக்கும் மருந்துகளைப் பெறுவோர் ஆகியோருக்கு ரயிலே சிறந்தது. இடம் கிடைக்காமல் பேருந்தில்தான் வரவேண்டுமானால், மாத்திரையை விடவேண்டியதில்லை; நேரத்தை மட்டும் மருத்துவரிடம் கேட்டு அமைத்துக்கொள்ளுங்கள். பெரும்பாலோர் எடுக்கும் ஃப்ரூசமைடு மாத்திரையின் வேகம் 6 முதல் 8 மணி நேரத்தில் தணிந்துவிடும். காலையில் எடுத்துக்கொண்டால் இரவுப் பேருந்தில் அதன் தொல்லை இராது. மறுநாளுக்குரியதை மருத்துவமனை வந்து சேர்ந்தபின் எடுத்துக்கொள்ளலாம்.

ரயிலில் 60 வயது நிறைந்த ஆண்களுக்கும் 45 வயது நிறைந்த பெண்களுக்கும், இடம் இருக்கும் நிலையில், கீழ்ப் படுக்கை ஒதுக்கப்படுகிறது. முதியோர் கட்டணச் சலுகை 2020இல் நிறுத்தப்பட்டதால், நோயாளிகளுக்கான சலுகையும் நின்றுவிட்டது என்று பலர் எண்ணுகிறார்கள். அது தொடர்கிறது. சிகிச்சைக்காகவோ மறுபரிசோதனைக்காகவோ செல்லும் புற்றுநோயாளிகளுக்குத் தூங்கும் வசதிப் பெட்டியிலும் மூன்றடுக்குக் குளிர்சாதனப் பெட்டியிலும் முழுக் கட்டண விலக்கு உண்டு. உடன் செல்லும் ஒருவருக்கு 75 விழுக்காடு. டயாலிசிஸுக்கோ சிறுநீரக மாற்றுக்கோ செல்வோர், இதய அறுவை சிகிச்சைக்குச் செல்வோர், தலசீமியா நோயாளிகள் ஆகியோருக்கும் உடன் வரும் ஒருவருக்கும் இவ்வகுப்புகளில் 75 விழுக்காடு சலுகை உண்டு. ரயில்வேயின் படிவத்தில் மருத்துவர் கையொப்பமிட்ட சான்றிதழைக் கொண்டு முன்பதிவு மையத்தில் பயணச்சீட்டைப் பெறவேண்டும். வார்டிலிருந்து கிளம்பும் முன்பே அப்படிவத்தை எங்களிடம் கேட்டுப் பெறுங்கள்.

வழியில் கவனிக்க வேண்டியவை

நீரிழிவு நோயாளிகள் இன்சுலினை உணவு கைக்கு வந்தபின்னரே போட்டுக்கொள்ளவேண்டும். 8 மணிக்கு ஊசி போட்டுக்கொண்டு, பேருந்து உணவகத்தில் நிற்கும் வரை காத்திருந்தால் சர்க்கரை அளவு ஆபத்தான நிலைக்குத் தாழலாம். வீட்டு இட்லியே பாதுகாப்பு. மூன்று தேக்கரண்டிச் சர்க்கரையைப் பொட்டலமாகச் சட்டைப் பையில் வைத்திருங்கள். இன்சுலினைப் பேருந்தின் அடிப்பகுதியில் ஏற்றும் பெட்டியில் வைத்தால் வெப்பத்தில் கெடும். பனிக்கட்டியின்மேல் நேரடியாக வைத்தால் உறைந்து கெடும்.

நான்கு மணி நேரத்துக்கு மேல் அசையாமல் அமர்ந்து செல்வது, கால் சிரைகளில் ரத்தம் உறையும் வாய்ப்பை ஏறத்தாழ இரு மடங்காக்குகிறது என்று உலக சுகாதார நிறுவனத்தின் ஆய்வு 2007இல் தெரிவித்தது. நலமாக உள்ளவருக்கு அந்த வாய்ப்பு மிகச் சிறியது. அண்மையில் அறுவை சிகிச்சை பெற்றவர்களுக்கும் புற்றுநோயாளிகளுக்கும் அது சிறியதன்று. இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை எழுந்து நடங்கள். அமர்ந்திருக்கையில் கணுக்கால்களை அசையுங்கள். தண்ணீர் குடிப்பதைத் தவிர்க்காதீர்கள். நீர் அளவு கட்டுப்படுத்தப்பட்டவர்கள் அந்த அளவுக்குள் குடிக்கவேண்டும்.

திரும்பும் பயணம்

வீடு திரும்பும் நாள் உறுதியாகும் முன் பயணச்சீட்டு எடுக்காதீர்கள். பயணச்சீட்டு வீணாகிவிடுமே என்பதற்காகக் காய்ச்சலை மறைத்துக் கிளம்புவோரும் உண்டு. கீமோதெரபி பெற்றவருக்கு 100.4 டிகிரி காய்ச்சல் இருந்தால் அது அவசர நிலை. பயணத்தை நிறுத்திவிட்டு எங்களிடம் வாருங்கள். வழியில் வந்தால் அருகிலுள்ள மருத்துவமனைக்குச் செல்லுங்கள். 108 ஆம்புலன்ஸ் இலவசம். விழித்திரை அறுவை சிகிச்சையில் கண்ணுக்குள் வாயு நிரப்பப்பட்டவர்கள், அது முழுவதும் கரையும் வரை விமானத்தில் செல்லவே கூடாது. வாயு விரிந்து பார்வை பறிபோகலாம். சிகிச்சைச் சுருக்கமும் மூன்று நாள் மருந்தும் கைப்பையிலேயே இருக்கட்டும்.

வராமலே முடியும் வேலைகள்

மூன்று மாதச் சர்க்கரை அளவு, தைராய்டு, கிரியாட்டினின், ரத்த அணுக்கள் ஆகிய பரிசோதனைகளுக்கு வெறும் வயிறு தேவையில்லை. உங்கள் ஊரிலேயே செய்து முடிவுகளைக் கொண்டுவரலாம். ரத்த அழுத்தம், நீரிழிவு ஆகியவற்றுக்கான மாத்திரைகள் 2021இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தின் வழியே வீட்டுக்கே வருகின்றன. மாத்திரைச் சீட்டைப் புதுப்பிக்க மட்டும் இரவெல்லாம் பயணம் செய்து வரத் தேவையில்லை.

அடுத்த முறை எங்களைப் பார்க்கும்போது, எந்த ஊரிலிருந்து, எதில், எத்தனை மணி நேரம் பயணம் செய்து வந்தீர்கள் என்பதை நாங்கள் கேட்காவிட்டாலும் சொல்லுங்கள். மருந்தின் நேரத்தையும் மறுபரிசோதனை நாளையும் அதற்கேற்ப எழுதித் தருவதும் எங்கள் சிகிச்சையில் அடங்கும்.