தண்டவாளத்தோரக் குடிலும் கண்ணாடிக் கோயிலும்

ஜோகூர் பாரு தெப்ராவ் வட்டாரத்துத் தமிழ்க் குடிகளின் வரலாற்றினை அன்பர்களுக்கு நினைவூட்ட விழைகிறேன். அப்பகுதி என்றவுடன் அனைவர் நாவிலும் வருவது அருள்மிகு ஸ்ரீ ராஜகாளியம்மன் கண்ணாடிக் கோயிலே. ஆயினும் கண்ணாடிக்கு முன்பு அங்கே ஒரு குடில் இருந்தது. அக்குடிலுக்கு முன்பே நம் மக்கள் இங்கு வந்துவிட்டனர்.

தஞ்சோங் புத்திரி என வழங்கப்பெற்ற ஊர் 1866-இல் ஜோகூர் பாரு எனப் பெயர் மாற்றம் கண்டது. அந்நாளில் ஆற்றங்கரைகளில் காம்பிரும் மிளகும் பயிரிட்டோர் சீனர்களே. ரப்பரும் இருப்புப் பாதையும் வந்த பின்னரே நம்மவர் பெருந்திரளாக வந்து சேர்ந்தனர். கெமாஸ் முதல் ஜோகூர் பாரு வரையிலான பாதை 1909-இல் நிறைவுற்றது. காடழித்து, மண் சுமந்து, கட்டை அடுக்கிய அக்கூலிகளின் பெயரை எந்தக் கல்வெட்டிலும் நான் கண்டதில்லை.

நகரின் நடுவே ராஜமாரியம்மன் ஆலயம் 1911-இல் எழுந்தது. தெப்ராவ் சாலையருகே, தண்டவாளத்தை ஒட்டி, 1922-இல் காளியம்மனுக்கு ஓர் எளிய குடில் அமைந்தது. நிலம் ஜோகூர் சுல்தான் இந்தியர்களுக்கு வழங்கியது. மறு ஆண்டே நீரிணைப் பாலத்தின் மீது சிங்கப்பூருக்கு ரயில் ஓடலாயிற்று.

நிலம் என்ற சொல்லில் சற்றே நிற்க வேண்டும். தோட்டப்புறங்களில் நம்மவர் எழுப்பிய கோயில்கள் பெரும்பாலும் துரைமார் கம்பெனி நிலத்தில் நின்றவை. தோட்டம் துண்டாடப்பட்டுத் தாமான்களாகவும் தொழிற்சாலைகளாகவும் மாறியபோது, லயத்து மக்களோடு தெய்வமும் இடம்பெயர நேர்ந்தது. பாசிர் கூடாங் துறைமுகம் 1977-இல் இயங்கத் தொடங்கிய பின் இம்மாற்றம் நம் பக்கம் விரைவு கண்டது. ஆலயச் செயலாளர் பொறுப்பில் இருப்பவன் என்ற முறையில் கூறுகிறேன்: கோபுரத்தின் உயரத்தைவிட நிலப்பட்டாவே எனக்குப் பெரிது. (இதைக் கேட்டுக் குருக்கள் சிரிப்பார், சிரிக்கட்டும்.)

இடையே 1942-43-இல் ஜப்பானியர் ஆட்சியில் சயாம் மரண ரயில் பாதைக்கு மலாயாத் தமிழர் பல்லாயிரவர் கொண்டு செல்லப்பட்டனர். திரும்பாதோர் மிகப் பலர். இங்கே இருப்புப் பாதை இட்ட இனமே அங்கேயும் இருப்புப் பாதைக்குப் பலியானது.

தெப்ராவ் குடிலுக்கு மறுவாழ்வு தந்தவர் ஆலயத் தலைவரும் தலைமைக் குருவுமான திரு. சின்னத்தம்பி சிவசாமி அவர்கள். பாங்காக் சென்றவிடத்து, வாட் அருண் ஆலயத்தின் கண்ணாடி வேலைப்பாடு தூரத்தே ஒளிர்ந்ததைக் கண்டு அவருக்கு இவ்வெண்ணம் உதித்தது. சுமார் மூன்று லட்சம் வண்ணக் கண்ணாடித் துண்டுகள் சுவர், தூண், விதானம் எங்கும் பதிக்கப்பெற்று, 2009 அக்டோபரில் ஆலயம் புதுக்கோலம் பூண்டது. கருவறைச் சுவரிலோ கண்ணாடி இல்லை, ருத்திராட்ச மணிகளே. அப்பகுதியில் நின்று தொழுவதே அடியேனுக்கு நிறைவு தருகிறது.

பாட்டன் பூட்டன் இப்பாதையிலோ பக்கத்துத் தோட்டங்களிலோ உழைத்த குடும்பத்தார் எவரேனும் இதனைப் படித்தால் ஒரு வேண்டுகோள். அக்காலத் திருவிழா அழைப்பிதழ், நன்கொடை இரசீது, புகைப்படம் எதுவாயினும் பழந்தாளோடு எறிந்துவிடாது, பின்புறத்தில் பெயரையும் ஆண்டையும் பென்சிலால் எழுதி, அவரவர் வட்டார ஆலய அலுவலகத்தில் காட்டுங்கள். நகல் எடுத்துக்கொண்டு மூலத்தைத் திருப்பித் தருவதில் செயலவையினர்க்குச் சிரமம் ஏதுமில்லை.