பழைய பிக்கப் வண்டிக்கு அடிச்சட்டம் பலமா?

பழைய பிக்கப் வண்டியில் மூட்டை ஏற்றுகிறவர்கள் எஞ்சினைப் பார்ப்பதற்கு முன்னால் அடியிலிருக்கும் சேஸிஸைப் பாருங்க.

நீளவாட்டில் ஓடும் இரண்டு இரும்புச் சட்டங்களும் பெரும்பாலும் படுக்க வைத்த 'ப' போலிருக்கும். பாரத்தை அதிகமாகத் தாங்குவது மேல், கீழ் விளிம்புகளே. அங்கே துளை போடக் கூடாது.

கம்பி பிரஷ்ஷால் துரு நீக்கி, ஸ்பிரிங் பிடிக்கும் இடங்களில் விரிசல் தேடுங்க. பிறகு மூலைக்கு மூலை குறுக்காக நூல் பிடியுங்க. இரண்டு நூலும் ஒரே நீளமில்லை என்றால் சட்டம் கோணியிருக்கிறது. முதலில் அதை நிமிர்த்தணும்.

வெல்டு வைக்குமுன் பாட்டரி இணைப்பையும் டீசல் டாங்கியையும் கழற்றி விடுங்க. ஒட்டுப்பட்டை சட்டத்தின் கனமே போதும். அதன் முனையைச் சாய்வாக வெட்டணும். நேராக வெட்டினால் பலம் திடீரென்று முடியும். அந்த ஓரத்திலேயே சட்டம் மறுபடி வெடிக்கும்.

பட்டை போட்டதால் கூடுதல் மூட்டை ஏற்றலாமா? கூடாது. அச்சும் பிரேக்கும் டயரும் பழையவைதானே! சட்டத்தை வெட்டி நீட்டவும் வேண்டாம். கம்பெனி அமைப்புக்கு மாறாக வண்டியை மாற்றுவதை 1988 மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆவது பிரிவு தடுக்கிறது.

பட்டறைச் செலவு ஒரு நாளோடு போகும். போன உயிர் திரும்பாது.